தம்பியின் பந்தயப் பழக்கம்: எந்தத் தடுப்பு உண்மையில் பிடித்து நிறுத்துகிறது?

பனங்கூடல் (லண்டன்)

நான்கு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன், அதுவும் நல்ல சேதி சொல்ல இல்லை.

என் தம்பிக்கு 31 வயது. களஞ்சியசாலையில் இரவு வேலை. மாசி மாதம் சீட்டு எடுத்தான், 6,000 பவுண். வீட்டுக்கு முற்பணம் சேர்க்கிறான் என்று அம்மா சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ஆவணியில் அவனுடைய வங்கிக் கூற்றை அச்சடித்துக் குசினி மேசையில் வைத்து, இருவருமாகச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு போனோம். ஒரு சனிக்கிழமை இரவுக்கு மட்டும் 41 வரிகள். 20, 20, 40, 20, 100 என்று போகிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு, ஏழு நிமிடம்தான். உதைபந்தாட்டத்தில் தொடங்கியவன், பிறகு ஐபிஎல்லில் அடுத்த ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்று போயிருக்கிறான். கடைசியில், பெயரே கேள்விப்படாத இருவர் விடியப்புறம் எங்கோ ஆடும் டென்னிஸில் காசு வைத்திருக்கிறான். டென்னிஸில் புள்ளியை எப்படி எண்ணுவது என்றுகூட அவனுக்கு ஒழுங்காகத் தெரியாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதெல்லாம் இல்லை. அவனுடைய பந்தயச் செயலியில் ‘பாதுகாப்பு’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதற்குள் போய் வைப்பு வரம்பு, அதாவது கணக்கில் போடும் காசுக்கு உச்சம், போட்டு வைத்திருந்தான். கிழமைக்கு 5,000 பவுண். அவன் கைக்கு வரும் சம்பளம் கிழமைக்கு 480.

இப்போது ஐந்து வருடத்துக்கு கேம்ஸ்டாப்பில் (இணையப் பந்தயத் தளங்களிலிருந்து தன்னைத் தானே தடை செய்துகொள்ளும் பதிவு) பதிந்துவிட்டோம். வங்கிச் செயலியில் சூதாட்டக் கொடுப்பனவை மறிக்கும் பொத்தானையும் அழுத்தியாயிற்று. அவன் ஒத்துழைக்கிறான். ஆனால் மனம் ஆறவில்லை. இவை எல்லாம் அவன் கேட்டால் மட்டுமே பூட்டுகிற பூட்டுகள். அவன் கேட்காத அந்த ஆறு மாதமும் ஏதாவது ஒன்று தானாகப் பூட்டியிருக்க வேண்டாமா? எந்த நாட்டில் எது வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம், அது வீட்டில் நிறையக் கிடைக்கிறது.

கோண்டாவில் மருமகள் (லெஸ்டர்)

அக்கா, உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133, நாள் முழுவதும் எடுப்பார்கள், இலவசம். என்எச்எஸ் (அரசு சுகாதாரச் சேவை) சூதாட்டச் சிகிச்சை நிலையங்களுக்குக் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரடியாக எழுதலாம். வீட்டாரும் பேசலாம்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற சிக்கல். கேம்ஸ்டாப்பில் பெயர், பிறந்த தேதி, முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாம் கேட்பது, அவற்றைப் பந்தய நிறுவனங்களின் கணக்குகளோடு பொருத்திப் பார்க்கத்தான். என் கணவருக்குக் கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். ஒரு நிறுவனத்தில் அது திருப்பிப் பதிவாகியிருந்தது, முகவரியும் பழைய வாடகை வீட்டினுடையது. தடை பதிந்து மூன்றாவது கிழமை அங்கிருந்து ‘உங்களைக் காணவில்லையே’ என்று இலவசப் பந்தயத்தோடு மின்னஞ்சல் வந்தது. இருக்கிற எல்லா மின்னஞ்சலையும், பழைய எண்களையும், பழைய முகவரிகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

வடதுருவத்தான் (ஓஸ்லோ)

தங்கச்சி கேட்ட ‘தானாகப் பூட்டும் பூட்டு’ இங்கே இருக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோர்வேயில் விளையாட்டுப் பந்தயம் அரசின் நோர்ஸ்க் டிப்பிங் நிறுவனத்திடம் மட்டும்தான். யாராக இருந்தாலும் அடையாளம் காட்டித்தான் ஆட முடியும். 2016 முதல் எல்லாருக்கும் மாதம் 20,000 குரோனருக்கு மேல் தோற்க முடியாது. அதற்குக் கீழே நீங்களாக ஒரு வரம்பு வைக்கலாம், மேலே போக முடியாது. அது வைப்பு வரம்பு இல்லை, இழப்பு வரம்பு என்பதையும் கவனியுங்கள். போட்ட காசு வென்று திரும்பி வந்தால் கணக்கில் கழிந்துவிடும். தோற்ற காசுதான் எண்ணப்படும்.

20,000 என்பதே பெரிய தொகை என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன். கைக்கு வரும் 30,000-ல் 20,000 போனால் வீட்டில் எதை அவிப்பது? ஆனாலும் உங்கள் தம்பியின் 5,000 பவுண் கிழமை வரம்போடு வைத்துப் பாருங்கள்.

இதற்கு முன்பு இங்கே கடைகளில், ரயில் நிலையங்களில் எல்லாம் காசு போட்டுச் சூதாடும் இயந்திரங்கள் நின்றன. 2006-ல் முதலில் நோட்டுத்தாள் செருகும் வாயை மூடினார்கள், சில்லறை மட்டும் போடலாம். 2007 ஜூலையில் இயந்திரங்களையே தூக்கிவிட்டார்கள். அந்த நோட்டுத்தாள் வாயை மூடிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வேலை செய்த கடையில் ஒருவர் நூறு குரோனர் நோட்டுகளைக் கொண்டுவந்து சில்லறை கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது அவருக்கே வெட்கம் வந்துவிடும். வாசல் வரை போவார், திரும்பி வருவார், பிறகு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு ஆளிடம் போய் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டை இல்லாமல் இல்லை. வெளிநாட்டுத் தளங்களுக்குக் காசு அனுப்ப வங்கிகளுக்கு 2010-லேயே தடை வந்தது. அப்படியும் போகிறவர்கள் போனார்கள். 2025 தொடக்கத்திலிருந்து அந்தத் தளங்களை இணைய இணைப்பிலேயே மறிக்கிறார்கள். அரசு நிறுவனம் என்பதால் கோயில் என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் யூரோஜாக்பாட் லொத்தரின் பரிசுத் தொகையை நூறால் வகுப்பதற்குப் பதில் பெருக்கி, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெரும் பரிசு விழுந்ததாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள். தலைவர் பதவி விலகினார்.

மூலைக்கொடி (கிறொய்டன்)

எல்லாரும் ஒரே பக்கம் பேசினால் விவாதம் எதற்கு. நான் சனிக்கிழமைதோறும் 10 பவுண் போடுகிறவன், பன்னிரண்டு வருடமாக. எனக்கு அது மீன்பொரியலும் தேநீரும் மாதிரி. அக்காவின் தம்பிக்கு நடந்தது கொடுமைதான். அதற்காக, தானாகப் பூட்ட வசதியைப் பரிசோதிக்கிறோம் என்று சொல்லி, என்னுடைய வங்கிக் கூற்றை ஏன் ஒரு பந்தய நிறுவனத்திடம் காட்ட வேண்டும்? மது விற்கிற கடைக்காரர் என் ஈரலைப் பரிசோதித்துவிட்டா போத்தல் தருகிறார்?

இறுக்கினால் ஆட்கள் எங்கே போவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். தேடுபொறியில் ‘கேம்ஸ்டாப்பில் இல்லாத தளங்கள்’ என்று அடித்துப் பாருங்கள். தடை பதிந்த ஆளையே குறிவைத்துக் கடை விரித்திருக்கிறார்கள். உரிமம் இல்லை, புகார் சொல்ல இடம் இல்லை, வென்றாலும் காசு வராது. உரிமம் உள்ளவனை நெரித்தால் வளர்வது உரிமம் இல்லாதவன்தான். பொறுப்பு கடைசியில் ஆளிடம்தான் இருக்கிறது.

முன்னாள் மேசை (மான்செஸ்டர்)

மூலைக்கொடி அண்ணா, பந்தய நிறுவன மேசையின் மறுபக்கத்தில் மூன்று வருடம் இருந்தவன் நான். நிறுவனத்தின் பெயர் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் உரையாடல் பிரிவு, மாலை நான்கிலிருந்து நள்ளிரவு வரை.

காசை வெளியே எடுக்க ஒருவர் கேட்டால் அது ‘பரிசீலனையில்’ இரண்டு மூன்று நாள் நிற்கும். பக்கத்திலேயே ‘ரத்து செய்’ என்று ஒரு பொத்தான். இரவு பதினொரு மணிக்கு மேல் அந்தப் பொத்தானை அழுத்தித் தங்கள் காசைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டவர்களை எண்ணி மாளாது. அந்தப் பொத்தான் தற்செயலாக அங்கே வந்து உட்காரவில்லை. சூதாட்ட ஆணையம் 2021-ல் அதை நிரந்தரமாகத் தடை செய்த பிறகு போய்விட்டது. போனதால் யாருக்கு நட்டம்? ஒரு சாதாரண ஆட்டக்காரர்கூட வந்து முறையிட்டதாக நான் கேள்விப்படவில்லை. நல்ல தடுப்புக்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இது.

வரம்பும் அதுபோலத்தான். குறைத்தால் உடனே நடைமுறைக்கு வர வேண்டும், கூட்டினால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு நல்லது, ஏனென்றால் நள்ளிரவில் கூட்டச் சொல்கிற ஆளும் மறுநாள் மத்தியானம் எழும்புகிற ஆளும் வேறு வேறு. 2025 அக்டோபர் 31 முதல், முதல் வைப்புக்கு முன்பே ‘வரம்பு போடுகிறீர்களா’ என்று கேட்க வேண்டும். கேட்கத்தான் வேண்டும், போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. 5,000 என்று போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். அக்காவின் தம்பி செய்தது அதுதான்.

பரிசோதனை பற்றி. இப்போது முப்பது நாளில் நிகரமாக (போட்டதில் எடுத்ததைக் கழித்து) 150 பவுணுக்கு மேல் கணக்கில் வைத்தால் நிறுவனம் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பது விதி, 2025 பெப்ரவரி இறுதியிலிருந்து. உங்கள் வங்கிக் கூற்றைக் கேட்பதில்லை. திவால் அறிவிப்பு, நீதிமன்றக் கடன் தீர்ப்பு மாதிரிப் பொதுவில் கிடைக்கும் பதிவுகளைப் பார்ப்பார்கள். மாதம் நாற்பது பவுண் போடுகிற உங்களை அது தொடவே தொடாது. எனக்குப் பயம் மறுபக்கம். சீட்டுக் காசும், மச்சானிடம் கைமாற்றாக வாங்கிய காசும் எந்தப் பதிவில் இருக்கிறது? எங்கள் ஆட்கள் மூழ்கும் வரை அந்தச் சோதனையில் சுத்தமாகத்தான் தெரிவார்கள்.

கடைசியாக ஒன்று. தொடர்ந்து வெல்லுகிற ஆளை நிறுவனம் எவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்கும் தெரியுமா? சில நாட்களில் அவருடைய பந்தயத் தொகையைச் சில்லறைக்குக் குறைத்துவிடுவார்கள். எந்த நேரத்தில், எந்த ஆட்டத்தில், எவ்வளவு வைக்கிறார் என்று எல்லாம் திரையில் இருக்கும். அதே திரையில்தான் விடியப்புறம் மூன்று மணிக்கு ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை காசு போடுகிறவரும் இருக்கிறார். 2023 மார்ச்சில் வில்லியம் ஹில் குழுமத்துக்கு 1.92 கோடி பவுண் விதித்தார்களே, அந்த வழக்கில் ஒருவர் புதுக் கணக்குத் தொடங்கி இருபது நிமிடத்தில் 23,000 பவுண் போட்டிருந்தார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பார்க்க முடியாமல் போனதாக நான் நம்பவில்லை.

பாரமட்டா பரமு (சிட்னி)

ஆஸ்திரேலியாவில் இரண்டு விஷயம் உருப்படி. ஒன்று, ஆட்டம் தொடங்கிய பிறகு இணையத்தில் பந்தயம் வைக்க முடியாது. வேண்டுமென்றால் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். 2001 சட்டம் அது. ஓஸ்லோ அண்ணா சொன்ன சில்லறை மாதிரித்தான், ஒரு மனிதக் குரல் குறுக்கே வருகிறது. அடுத்த பந்து, அடுத்த புள்ளி என்று ஓடும் நோய் அதனால் இங்கே கொஞ்சம் மட்டு. இரண்டாவது, பெட்ஸ்டாப். 2023 ஆகஸ்டில் வந்தது. ஒரு தடவை பதிந்தால் உரிமம் உள்ள எல்லா நிறுவனத்திலும் அடைபடும், விளம்பரமும் அனுப்பக் கூடாது. 2024 ஜூனிலிருந்து கடனட்டையும் செல்லாது. பிரிட்டன் அதை 2020 ஏப்ரலிலேயே செய்துவிட்டது.

விளம்பரம்தான் இங்கே தீராத தலைவலி. ‘பொறுப்போடு விளையாடுங்கள்’ என்பதை எடுத்துவிட்டு ‘நீங்கள் தோற்கத்தான் போகிறீர்கள் போலும்’ என்கிற தோரணையில் வாசகம் போட வைத்தார்கள். என் மகன் அதை ராகம் போட்டுப் பாடுகிறான். விளம்பரத்தை மூன்று வருடத்தில் படிப்படியாக முழுதும் நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றக் குழு 2023 ஜூனில் 31 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அந்தத் தடை இன்னும் வந்து சேரவில்லை.

நான்காம் கவுண்டர் (சென்னை)

நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். ஊர் வேறு, கதை ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி விளையாட்டுப் பந்தயம் சூதாட்டம், தடை. ரம்மி போன்ற பண விளையாட்டுகளுக்கு மட்டும் 2025 தொடக்கத்தில் விதிமுறைகள் வந்தன. ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழைய முடியாது, ஒரு மணி நேரம் தாண்டினால் அரை மணிக்கு ஒரு எச்சரிக்கை. நிறுவனங்கள் உயர் நீதிமன்றம் போயின, ஜூன் 3-இல் விதிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆகஸ்டில் மத்திய அரசு எல்லாப் பண விளையாட்டுகளையும் ஒரே அடியாகத் தடை செய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது. அந்த நள்ளிரவுப் பூட்டு எப்படி வேலை செய்தது என்று நிதானமாகப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சம்பளம் வரவான இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் கணக்கைத் துடைத்தெடுத்த எத்தனையோ கணக்கு விவரங்களைப் பார்த்திருக்கிறேன்.

தடைக்குப் பிறகு என் கவுண்டரில் என்ன தெரிகிறது என்றால், கல்லூரிப் பையன்கள். கணக்குத் தொடங்குவார்கள், ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் யாரிடமோ கொடுத்துவிட்டு மாதம் சில ஆயிரம் வாங்கிக்கொள்வார்கள். கடல் கடந்த பந்தயத் தளங்களுக்கு யுபிஐ வழியாகப் பணம் போகும் வாய்க்கால் இது. கணக்கு முடங்கியதும் பையன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பான். சென்ற வாரம் வந்த அப்பா கையில் குடையும் தூக்குச் சட்டியுமாக வேலைக்குப் போகும் வழியில் வந்தவர். “பையன் தப்பு ஒன்றும் பண்ணவில்லை மேடம், கணக்கை வாடகைக்குத்தான் விட்டிருக்கிறான்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொரு முரணும் இருக்கிறது. மத்தியச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். மாநிலச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. பணத்தை இழந்தவர் புகார் கொடுக்க வரும்போது முதலில் கேட்பது “என்மேல் கேஸ் வருமா?” என்றுதான். பயந்தவர் யாரிடமும் சொல்லமாட்டார், கடனை அடைக்க இன்னொரு பந்தயம் வைப்பார். மூலைக்கொடி சொன்ன கள்ளச்சந்தைக் கவலை நிஜம். ஆனால் அதை வைத்துக்கொண்டு உரிமம் உள்ள கடையில் ஒரு விதியும் வேண்டாம் என்றால் எப்படி? வாய்க்காலை அடைப்பது வங்கியின் வேலை, நாங்கள் அதை இன்னும் வேகமாகச் செய்ய வேண்டும்.

மூலைக்கொடி (கிறொய்டன்)

சரி, ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். முன்னாள் மேசை எழுதியதை வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. போன வருடம் ஆறு கிழமை தொடர்ந்து வென்றேன். ஏழாவது கிழமை 10 பவுண் போட்டால், ‘உங்கள் அதிகபட்சத் தொகை 1.37’ என்று வருகிறது. அப்போது என்னுடைய சுதந்திரத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் கவலைப்படவில்லை.

எல்லாருக்கும் பொதுவான இழப்பு உச்சவரம்பு, நள்ளிரவுப் பூட்டு இரண்டுக்கும் இனி எதிர்ப்புச் சொல்லமாட்டேன், நான் இரவில் நித்திரை கொள்கிறவன். எல்லா நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே கணக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றில் முடிந்ததும் அடுத்த செயலிக்குத் தாவுவார்கள். ஆனால் அந்த ஒரே கணக்கை யார் வைத்திருப்பது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

சட்டை விளம்பரம் பற்றி யாரும் பேசவில்லை. பிரீமியர் லீக் கழகங்கள் 2025-26 பருவத்தோடு சட்டையின் முன்பக்கத்திலிருந்து பந்தய நிறுவனப் பெயரை எடுப்பதாக ஒப்புக்கொண்டன. கைப்பகுதியில் இருக்கலாமாம், மைதானத்தைச் சுற்றி ஓடுகிற பலகையிலும் இருக்கலாமாம். இரவு ஒன்பதுக்கு முன் ஆட்ட நேரத்தில் தொலைக்காட்சி விளம்பரம் இல்லை என்று 2019-இல் நிறுத்தினார்கள், ஆட்டம் முழுக்கப் பலகை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் பெறாமகளுக்கு எட்டு வயது, நான்கு நிறுவனத்தின் பெயரை நிறத்தோடு சொல்வாள்.

பனங்கூடல் (லண்டன்)

எல்லாருக்கும் நன்றி. கோண்டாவில் மருமகள் சொன்னபடி போய்ப் பார்த்தேன், தம்பியின் பெயரும் இரண்டு விதமாகத்தான் இருந்தது. பழைய முகவரி, இரண்டு பழைய மின்னஞ்சல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம்.

வங்கி மறிப்பை எடுக்க வேண்டுமென்றால் அவனுடைய வங்கியில் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை இரவு எடுக்கச் சொல்லி அழுத்தியிருக்கிறான். வெள்ளிக்கிழமை அவனே என்னிடம் வந்து காட்டி, திரும்பப் போட்டுவிட்டான். அந்த மூன்று நாளும் என்ன நினைத்தான் என்று கேட்கவில்லை. ‘இன்னும் 41 மணி’ என்று இருந்தபோது ஒரு படம் எடுத்து வைத்திருந்தான், அதை மட்டும் காட்டினான். அட்டை வழியாகப் போகும் காசைத்தான் அது மறிக்கும், நேரடிப் பணமாற்றத்தில் வழி இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும். இரவில் கைத்தொலைபேசி என் குசினி அலுமாரியில், மா டின்னுக்குப் பின்னால். அவனிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய நோக்கியா.

முன்னாள் மேசை எழுதிய சீட்டு விஷயம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நேற்று சீட்டு நடத்தும் மாமி வீட்டுக்குப் போனேன். மிச்ச மாதங்களை நான் கட்டுகிறேன், அவன் இனிமேல் கேட்டாலும் சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன். மாமி கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். வைகாசியில் அவன் இரண்டாவது சீட்டுக்குக் கேட்டிருக்கிறான், ஆனியில் மூன்றாவது ஆளின் பெயரில் கேட்டிருக்கிறான். இரண்டுக்கும் எதிரே பென்சிலால் ஒரு புள்ளடி.

“எனக்கு அப்பவே விளங்கிவிட்டது பிள்ளை. கொடுக்கவில்லை. உங்களிடம் சொன்னால் கொம்மா தாங்கமாட்டா என்று பேசாமல் இருந்துவிட்டேன்” என்றார்.

தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கொப்பியில் இன்னும் இரண்டு பெயருக்கு எதிரே அதே பென்சில் புள்ளடி இருந்தது. இருவரின் வீட்டாரையும் எனக்குத் தெரியும். நான் அவர்களிடம் பேசலாமா, மாமியைப் பேசச் சொல்லலாமா? இப்படிப் போய்ச் சொல்லிப் பழக்கமுள்ளவர்கள் இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.